நூறு சதவீதம் கழிவு

கப்பலூர் தொழிற்பேட்டையில் பாண்டிமீனா செய்வது கட்டடக் கலவை. அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு ஆலைக் கசடு, கிரானைட் அறுக்கிற பட்டறையில் மிஞ்சும் தூள், எல்லாமே அடுத்தவர்கள் லாரி வைத்துக் கொண்டுபோய்க் கொட்டுகிற சமாச்சாரம். சிமெண்ட் கிடையாது, ஆற்று மணலும் கிடையாது. ஆனால் சுவர் அசையாமல் நிற்கும். நின்று என்ன செய்ய, வாங்கத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு கே.கே. நகரிலிருந்து சிவபாண்டி என்ற இன்ஜினியர் வருவதாக இருந்தது. அவருடைய அடுக்குமாடிக்கு ஆர்டர் கிடைத்தால் ஷெட் பிழைக்கும். இல்லையென்றால் ஆடி முடிந்ததும் பூட்டுதான். அவர் கண்ணில் படட்டும் என்றுதான் முந்தின நாள் சாயங்காலமே ரோட்டோரம் புதிதாகப் போர்டு வைத்திருந்தாள்: 'பாண்டிமீனா கலவை. நூறு சதவீதம் கழிவு.'

ஜவுளிக்கடைக்காரன் எல்லாம் தள்ளுபடியைக் கழிவு கழிவு என்று மைக்கில் கத்துகிற ஆடி மாதத்தில் எழுதுகிற வார்த்தையா அது? விடிந்ததும் பாதித் திருமங்கலம் வாசலில் நின்றது. முதல் ஆள் விருமாண்டி. வீட்டைப் பாதி கட்டி நிறுத்தியிருப்பவர். யாரையும் கேட்காமல் கலவை மூட்டைகளை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காசு?"

"நூறு சதவீதம் கழிவுன்னு போட்டுட்டு காசு கேக்குறியே தாயி?"

"ஐயோ, அது ஆடிக் கழிவு இல்லண்ணே. ஆலைக் கழிவு. குப்பைண்ணே, குப்பை!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. தப்பித்தோம் என்று பாண்டிமீனா மூச்சு விட்டாள். விருமாண்டி மூட்டையைத் தட்டிப் பார்த்து யோசித்தார்.

"குப்பைய அள்ளிட்டுப் போனா நீதான எங்களுக்குக் கூலி தரணும்?"

"அதானே!" என்றது கூட்டம். வண்டி வாடகை தனி என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்து சிவபாண்டியின் கார் வந்து நின்றது. பாண்டிமீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுசுழற்சி பற்றி மேடை மேடையாகப் பேசுகிற மனிதர், இவருக்காவது புரியும். ஓடிப்போய்க் கும்பிட்டாள். அவர் போர்டை நிதானமாகப் படித்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"பெரிய மனசு மேடம் உங்களுக்கு. நம்ம அப்பார்ட்மெண்டுக்கும் இதே கழிவுதான?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எதற்கு முதலில் வழிவிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. விருமாண்டியின் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

"வரிசையில நில்லுங்க சார்."