ஆர்டெலின் பார்லருக்கு வந்த பதினோரு புத்தகங்கள்

1978 மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, அலபாமாவில் ஆற்றை ஒட்டிய எங்கள் ஹார்லன் ஃபெர்ரி நூலகத்திலிருந்து பதினோரு புத்தகங்கள் படியிறங்கி, கோர்ட்டு வீதியைத் தாண்டி, பைன் தெருவில் ஆர்டெல் கேட்ஸ்டன் நடத்திய பியூட்டி பார்லருக்குள் நுழைந்து, வாடிக்கையாளர் காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்தன. அன்று லேசான காற்று இருந்தது. பதினொன்றும் கறுப்பினச் சிறுமிகளைப் பற்றிய கதைகள். நூலகத்தில் அந்த வகையில் இருந்தவை மொத்தமே அவ்வளவுதான். கறுப்பர் வரலாற்றை நினைவுகூரும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவற்றை வாசலருகே கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவார்கள்; மாதம் முடிந்ததும் அட்டைப் பெட்டியில் கட்டிக் கீழ்த்தளத்து கொதிகலன் அறையில் போட்டுவிடுவார்கள். கண்ணாடிக்குள் இருப்பதைத் தொடக் கூடாது, கொதிகலன் அறையில் இருப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒன்பது வருடங்களில் அவற்றில் ஒன்றுகூட எவர் வீட்டுக்கும் போனதில்லை. அந்த வருடம் பெட்டியைக் கட்டுவதற்குக் கயிறு எடுக்கப் போயிருந்தவர் ஹோரஸ் பீப்பிள்ஸ். நூலகம் வேலைக்கு எடுத்த முதல் கறுப்பர். பதினான்கு வருடத்தில் ஒருநாளும் தாமதமாக வந்தவரல்ல. அந்த வேலை போய்விடுமோ என்று தினமும் ஒருமுறையாவது பயப்படுபவர். கயிறோடு திரும்பியபோது பெட்டி காலியாக இருந்தது. பதிவேட்டில், ‘எடுத்தவர்’ என்ற கட்டத்தில், ‘தாமே’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

ஆர்டெலுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஒன்று, பார்லர் ஒன்று, பொறுமை கொஞ்சம். சுருட்டை முடியை நீட்டும் சூடு சீப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“என்ன இது, சனிக்கிழமையும் அதுவுமா? இது முடி பண்ற இடம். முடி இருக்கிறவங்க உக்காருங்க, இல்லாதவங்க எழுந்திரிங்க.”

புத்தகங்கள் எழுந்திருக்கவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் உரத்த குரலுக்குப் பேர்போன ஒனீடா சக்ஸ் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். “மிஸ் ஆர்டெல், என் நாற்காலியில ஒண்ணு உக்காந்திருக்கு. அது மேலயே உக்காந்துடவா?”

“உக்காந்துதான் பாருங்களேன் சிஸ்டர். அப்பறம் அது உள்ள உங்களப் பத்தி என்ன எழுதுமோ, எனக்குத் தெரியாது.”

ஒனீடா அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் வைத்ததை எத்தனை நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? திறந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. மாலையில் பீப்பிள்ஸ் தள்ளுவண்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை ஒன்பதேகாலுக்கு அவை மறுபடி வந்தன. இப்படி மூன்று வருடம் நடந்தது. எதிர்க்கடை முடிதிருத்துபவர் பொறாமைப்பட்டு, வாசலில் மெத்தை வைத்த பெஞ்சு போட்டு, வேகவைத்த வேர்க்கடலைகூட வைத்துப் பார்த்தார். ஒரு புத்தகமும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புத்தகங்கள் காது கொடுத்துக் கேட்கின்றன என்பதை முதலில் கண்டுபிடித்தவள் டாமெட்ரிஸ். பத்து வயது, வாய் ஓயாதவள், எட்டு பேர் செய்கிற சத்தத்தை ஒருத்தியாகச் செய்வாள். தலையை ஆர்டெலிடம் ஒப்படைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்.

“மிஸ் ஆர்டெல், இதக் கேளுங்க! சூடு சீப்பு காதுகிட்ட வருதாம், இந்தப் பொண்ணு அழகா சிரிக்குதாம்! என்ன இவ, கல்லுல செஞ்சவளா?”

“ஆடாத. இல்லன்னா நீ எதுல செஞ்சவன்னு இப்பத் தெரிஞ்சுரும்.”

அடுத்த வாரம் அதே பக்கத்தில் அந்தப் பெண் ‘ஐயோ’ என்று அலறி, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, அம்மாவிடம் இரண்டு அடி வாங்கியிருந்தாள். அதன்பின் எல்லோரும் தைரியமாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு கதையில் நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு சிறுமி காய்ச்சலில் செத்துப்போவாள். ஒனீடா விடவில்லை. “எதுக்கு சாகணும்? நெஞ்சுல கடுகுப் பத்து போட்டா மூணே நாள்ல எழுந்து உக்காரும். எழுதினவருக்கு ஒரு சித்தி கூடவா இல்ல?” என்று மூன்று சனிக்கிழமை தொடர்ந்து சொன்னார். சிறுமி பிழைத்தாள். பிழைத்ததோடு நிற்காமல், மேலும் அறுபது பக்கம் உயிரோடிருந்து, பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்து டிராம்போன் ஊதினாள். எப்போதும் ஜன்னலருகே நின்று சோகமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்த இன்னொருத்திக்கு ஒரு தோழி கிடைத்தாள். இருவரும் மதகுருவின் நடையைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்ததற்காக ஆராதனையின் நடுவே வெளியேற்றப்பட்டார்கள். மெல்லியதாக வந்த புத்தகங்கள் தடித்தன. பீப்பிள்ஸ் இரண்டாவது தள்ளுவண்டி கேட்டு விண்ணப்பித்தார்.

1981 ஏப்ரலில்தான் வம்பு வந்தது. பதினொன்றிலும் சிறியதான பச்சை அட்டைப் புத்தகத்தில் ஒரு புது அத்தியாயம் முளைத்திருந்தது. டாமெட்ரிஸுக்கு இப்போது பதிமூன்று வயது; குரல் இன்னும் பெரிதாகியிருந்தது. அவள் வாசித்தாள்: 1936; பதினோரு வயதுப் பெண் ஒருத்தி; நீலக் கவுன்; மாவட்ட எழுத்துக்கூட்டல் போட்டி. கடைசி வார்த்தை ‘கிரைசாந்திமம்’, அதாவது சாமந்திப்பூ; ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து. பதின்மூன்றையும் அவள் சரியாகச் சொல்கிறாள். நடுவர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, உச்சரிப்பு சரியில்லை என்று சொல்லி, பரிசு ரிப்பனை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் குத்துகிறார்கள். அவள் ஐந்து மைல் நடந்து வீட்டுக்குப் போய், தோற்றுவிட்டதாக அம்மாவிடம் சொல்கிறாள். உண்மையைச் சொன்னால் அம்மா அங்கே போய்ச் சண்டை போடுவார். போட்டால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

சீப்பு ஒனீடாவின் முடியில் அப்படியே நின்றது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் ஒனீடாவே கையைப் பிடித்து நகர்த்தினார். ஆர்டெல் அந்தக் கதையைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஏப்ரனைக் கழற்றாமல், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். பாதி முடி பண்ணிய பெண்கள் ஆறு பேரும் டாமெட்ரிஸும் பின்னாலேயே போனார்கள். ஆர்டெல் அந்த நூலகத்தின் படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. முன்பு கறுப்பர்களை உள்ளே விடமாட்டார்கள், விட ஆரம்பித்தபோது அவருக்குப் போகத் தோன்றவில்லை.

“மிஸ்டர் பீப்பிள்ஸ், என் கதைய இதுக்கு யாரு சொன்னது?”

பீப்பிள்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இதுல ‘கற்பனை’ன்னுதாங்க போட்டிருக்கு.”

“கற்பனையா? சரி, கவுன் எதுக்கு நீலம்? மஞ்சளுங்க அது! எங்கம்மா ராத்திரியெல்லாம் உக்காந்து தச்ச மஞ்சள் கவுன்! அடுத்தவங்க விஷயத்த எழுதறதுன்னு ஆகிப்போச்சு, அதையாவது ஒழுங்கா எழுதக் கூடாதா?”

மூன்று வருடமாகப் பேசுவதையெல்லாம் கேட்டு முடித்ததால், அந்தப் புத்தகம் பேசாததையும் கேட்க ஆரம்பித்திருக்க வேண்டும் என்று பீப்பிள்ஸ் பணிவாக அபிப்பிராயப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். இனி அந்தக் கவலை வேண்டாம், ஏனென்றால் தலைமை நூலகர் வின்ஷிப் அம்மையார் அன்று காலைதான் உத்தரவு போட்டிருந்தார்: வாங்கியபோது இருந்ததைவிடப் பக்கம் கூடிய புத்தகம் சேதமடைந்த புத்தகம், பதினொன்றும் திங்கட்கிழமை காகிதக் கூழ் ஆலை லாரியில் ஏறுகின்றன.

திட்டுவதற்காகக் கொண்டுவந்த புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்ததை ஆர்டெல் கவனித்ததாகத் தெரியவில்லை.

“கூழாவா? அந்த டிராம்போன் பொண்ணையுமா?” என்றார் ஒனீடா.

ஹோரஸ் பீப்பிள்ஸ் தன் வாழ்நாளில் செய்த ஒரே வீரச்செயல் அப்போது நடந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதவர்போலச் சொன்னார்: “வாசகர் எடுத்துட்டுப் போயிருக்கிற புத்தகத்தக் கழிக்கக் கூடாது. பதினாலாம் விதி. அம்மையாரே எழுதினது.”

“எடுக்கிறதுக்கு என்ன வேணும்?”

“கார்டு வேணுங்க. ஒரு கார்டுக்கு நாலு புத்தகம்.”

ஆர்டெல், ஒனீடா, டாமெட்ரிஸ் மூவரும் கார்டு போட்டார்கள். பார்லரில் இருந்த பத்தையும் சேர்த்து நான்கு, நான்கு, மூன்று. பீப்பிள்ஸ் அவசரமாகக் குத்தியதால் முத்திரைகள் கோணலாக விழுந்தன, ஆனால் செல்லும். உள்ளறையிலிருந்து வந்த வின்ஷிப் அம்மையார் பதினாலாம் விதியை இரண்டு தடவை வாசித்தார், கையெழுத்து தன்னுடையதுதானா என்று பார்த்தார், அறைக்குத் திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திங்கட்கிழமை வந்த லாரி பழைய தொலைபேசிப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பதினொன்றும் இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகின்றன.

அன்று பார்லருக்குத் திரும்பியதும், ஆர்டெல் யார் தலையையும் தொடவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, “அத முதல்லேர்ந்து படி கண்ணு,” என்றார். டாமெட்ரிஸ் வாசித்தாள். கவுன் மஞ்சளாகியிருந்தது. ரிப்பன் போனது, பெண் ஐந்து மைல் நடந்தாள், அடுக்களையில் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில், காலையில் இல்லாத ஒரு வரி இருந்தது: பெண் உண்மையைச் சொல்லிவிட்டாள். 1951இல் காலமான அந்த அம்மா, கையிலிருந்த மாவைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து அதே ஐந்து மைலைத் திரும்ப நடந்து, நடுவர்கள் மூவரையும் எழுந்து நிற்கவைத்தார். அவர்களிடம் அவர் சொன்னது ஒன்பது பக்கம் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஒனீடா தன் காதுகளைப் பொத்துவதற்குப் பதிலாக டாமெட்ரிஸின் காதுகளைப் பொத்தினார். அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள். ஏழாம் பக்கத்தில் ஆர்டெல் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். “எங்கம்மாதான். வாயத் தொறந்தா இப்படித்தான் பேசும்,” என்றார். ஒன்பதாம் பக்கம் முடிந்ததும், கொஞ்சம் மெதுவாக இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்த பெண்ணுக்கு அன்று நாலரைக்குத்தான் முடி பண்ணினார்கள். அவரும் உட்கார்ந்து கேட்டார்.