கூடிச் சொன்ன விடை

கதிரவன் மலைமுகட்டைத் தொடுவதற்கு முன்னரே தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. ஓடையிலிருந்து மலைப்பள்ளியின் விடுதி வரைக்கும் செங்குத்தாய் எழுந்து நின்ற ஒற்றையடிப் பாதையில், பெண்களும் ஆண்களும் குடங்களோடு ஒருவர் பின் ஒருவராய் ஏறினர். இரவு பெய்த மழையில் மண் குழைந்து கிடந்தமையால், முன்னே சென்றவரின் குதிகால் பதித்த குழியிலேயே பின்னே வந்தவர் கட்டைவிரலை ஊன்ற வேண்டியிருந்தது. குடத்தின் விளிம்பில் தளும்பிய நீர் கழுத்து வழியே முதுகில் இறங்கி ஊசியாய்த் தைத்தது. மூச்சு மட்டும் பேசிற்று.

தண்ணீருக்குப் பின் விறகு. விறகுக்குப் பின் அடுப்பு. அடுப்பு பற்றிய பின் பிள்ளைகளை எழுப்புதல், குளிப்பாட்டுதல், ஈரத் தலைகளைச் சீவி விடுதல். இவ்வளவும் முடிந்த பிறகே அவர்களுடைய மெய்யான வேலை தொடங்கும். நியமனம் பெற்ற ஆசிரியர் பேருந்து பிடித்து மலையேறி வருவதற்கு நடுப்பகல் நெருங்கிவிடும். அதுவரையில் அப்பிள்ளைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் மலைமொழியிலேயே ஊட்டி வளர்ப்பவர்கள் இவர்களே. ஆயினும் கல்வித் துறை இவர்களுக்கு இட்ட பெயர் சமையல் உதவியாளர் என்பதுதான்.

பாதையின் மேல்முனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஆலோசகர் இறங்கினாள். அவள் இந்த மலையில் பிறந்தவள். இங்கிருந்து கல்லூரி வரை சென்ற முதற்பெண். பழங்குடிக் கல்விக்கான ஆலோசகராய்த் தலைநகரில் அமர்ந்திருப்பவள். மனித உரிமை மாநாடுகளில் அவள் ஆற்றிய உரைகளை அயல்நாட்டார் எழுந்து நின்று பாராட்டியதுண்டு. மலைமக்களின் குழந்தைகள் தாய்மொழியில் கல்வியைத் தொடங்க உரிமை உடையவர்கள் என்று அரசின் கல்விக் கொள்கையில் காணப்படும் வாக்கியம் அவள் எழுதியது.

வரிசையின் முன்னால் வந்தவள் அவளுடைய தாயின் தங்கை.

"குடுங்க சின்னம்மா, நான் தூக்குறேன்."

"வேணாம்டி. ஷூ நனைஞ்சிடும்."

"எனக்குப் பரவாயில்ல."

"உனக்குப் பரவாயில்ல. தண்ணி சிந்தினா மறுபடி இறங்குறது நான்தானே."

பின்னால் சிரிப்பு எழுந்தது. தோளில் மூங்கில் கட்டி இருபுறமும் குடம் தொங்கவிட்டு வந்த நெட்டையன், "வழி விடுங்கப்பா, தலைநகரமே வந்து நிக்குது" என்றான். அவளும் சிரித்தாள். ஆனால் அச்சிரிப்பு அவள் முகத்தில் நிலைக்கவில்லை. தான் எதற்காக வந்திருக்கிறோம் என்பதை இவர்கள் இன்னும் அறியார்.

பிள்ளைகள் உண்டு முடித்துத் தரையில் அமர்ந்தனர். சின்னம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் எதிரே உட்கார்ந்தாள்.

"மழை மேலேருந்து வருது. சரி. மழையே பெய்யாத மாசத்துல ஓடைக்கு எங்கேருந்துடா தண்ணி வருது?"

ஒரு கையும் உயரவில்லை. மாறாக, தலைகள் அனைத்தும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. அறிந்த சிறுமி அருகிலிருந்தவன் காதில் சொன்னாள்; அவன் அடுத்தவளிடம் சொன்னான்; விளங்காதவன் மீண்டும் கேட்டான்; அவனுக்கு மீண்டும் சொல்லப்பட்டது. பிறகு எல்லா முகங்களும் ஒருங்கே நிமிர்ந்தன.

"மழை மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சிருந்துட்டு மெதுவா வருது."

அந்த மலையில் விடை என்பது தனியொருவரின் உடைமை அன்று. அறிந்தவர் அறியாதவருக்கு முதலில் பகிர வேண்டும். அது எல்லோருடையதும் ஆன பின்னரே வாய் திறக்க வேண்டும். பிறர் தட்டு காலியாய் இருக்கத் தான் மட்டும் உண்பது எத்தகைய இழிவோ, தனியே முந்திச் சொல்வதும் அத்தகைய இழிவே. அவ்வாறு சொல்லும் பிள்ளைக்கு முந்திவாய் என்று பட்டம் விழும். ஆலோசகருக்கு இளமையில் அப்பட்டம் விழுந்திருந்தது. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவரின் கேள்விக்கு, தோழிகள் காதோடு காது பேசிக்கொண்டிருக்கையில் அவள் மட்டும் எழுந்து பதில் சொன்னாள். அவர் மகிழ்ந்து அவளை நகரத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அன்று அவளுடைய தாய் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றதை அவள் இன்றளவும் மறந்தாள் இல்லை.

சென்ற மாதம் துறை இப்பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தியது. ஒவ்வொரு குழந்தையும் ஓர் அறையில் தனியே உட்கார வைக்கப்பட்டது. முன்பின் அறியாத ஒருவர் கேள்வி கேட்டார். குழந்தைகள் தம் அருகே காதுகளைத் தேடின, காதுகள் இல்லை, ஆகவே வாய் திறக்கவில்லை. அது மரியாதை. துறையோ அதை அறியாமை என்று எழுதிக்கொண்டது. மலைமொழி வகுப்பால் பயனில்லை, அதை நிறுத்துக, உதவியாளர்கள் இனிப் பாதிக் கூலிக்குச் சமையல் மட்டும் செய்க என்று முடிவாயிற்று. அதற்கு ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெறும் நாள் இன்று.

துறையின் இயக்குநர் காரில் வந்து இறங்கினார். கைகூப்புவதில் குறை வைக்காத மனிதர். வகுப்பறையில் மேசையைப் போடச் செய்து, ஆலோசகருக்கும் தம் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார்.

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்க மேடம். உங்க ஆளுங்க. உங்க வாயால கேட்டா வலிக்காது."

"அவங்களுக்குள்ள பேசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம் சார்."

"பேசிக்கிட்டா கையெழுத்து விழாதே." அவர் மென்மையாகச் சிரித்தார். "ஒவ்வொருத்தரா அனுப்புங்க."

அவள் சமையற்கட்டுக்குப் போனாள். புகை கண்ணைக் கரித்தது. அடுப்பைச் சுற்றி நின்றவர்களிடம் செய்தியைச் சொன்னாள். பள்ளி மணியை அடிப்பவளாதலால் மணிக்காரி என்று அழைக்கப்பட்ட இளம்பெண்தான் முதலில் கேட்டாள்.

"நாங்க சொல்லிக் குடுத்தது பிள்ளைங்களுக்கு ஏறலையா அக்கா?"

"ஏறியிருக்கு."

"அப்புறம் ஏன் பேசலையாம்?"

"தனித்தனியா உட்கார வச்சுக் கேட்டாங்க."

கரண்டி நின்றது. "தனியாவா?" என்றாள் சின்னம்மா. "எந்த மடையன் அப்படிக் கேட்டான்?"

எவனோ ஒருவன் என்று சொல்லிவிட்டிருக்கலாம். அவ்வாறு சொல்வதற்குரிய சொற்கள் அவளிடம் ஏராளமாய் இருந்தன. ஆனால் அம்முறையை வகுத்த குழுவில் அவளும் அமர்ந்திருந்தாள். தனியே கேட்பதுதான் உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறை என்று ஒருவர் சொன்னபோது, மலைப்பிள்ளைகள் தனியே பேசமாட்டார்கள் என்பதை அறிந்த ஒரே ஆள் அவள்தான். உங்கள் மக்களுக்கு எல்லாமே தனிச் சலுகையா என்று யாரேனும் நகைப்பார்களோ எனக் கூசித் தலையசைத்துவிட்டாள். முடிவு வெளிவந்த அன்று, "நீங்களே சாட்சி மேடம், சின்ன வயசுல நீங்க தனியா எழுந்து பதில் சொல்லலையா?" என்று இயக்குநர் பாராட்டினார். அதற்கும் புன்னகைத்தாள்.

"அப்படிக் கேக்கலாம்னு முடிவு பண்ணினவங்கள்ல நானும் இருந்தேன், சின்னம்மா."

சின்னம்மா கரண்டியை வைத்துவிட்டு, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அதே கைகள், அதே விரல்கள், அவளுடைய தாயே எழுந்து வந்து நின்றது போலிருந்தது.

"அப்ப பரீட்சைல நீ மட்டும்தான் பாஸ்" என்றான் நெட்டையன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

"திட்டிடுங்க சின்னம்மா."

"திட்டினா உனக்கு லேசாயிடும்" என்றாள் சின்னம்மா, முகத்திலிருந்து கையை எடுக்காமலே. "இரு அப்படியே."

அவர்கள் தலைகள் ஒன்றுகூடின. முதுகுகள் சேர்ந்து சுவராயின. ஆலோசகர் அச்சுவருக்கு வெளியே நின்றாள். மலைமொழியின் முணுமுணுப்பு அவள் செவியில் விழுந்தது, சொல் விளங்கவில்லை. உலகத்து மேடைகளில் இவர்களுக்காகப் பேசியவளுக்கு, இவர்களுடைய அடுப்படியில் நிற்க ஓர் இடம் இல்லை. இல்லாமற் போனது யாரால் என்பதை எவரும் சொல்லிக்காட்டத் தேவையிருக்கவில்லை.

காரோட்டி வந்து மணிக்காரியை மட்டும் அழைத்தார். எல்லோரும் புறப்பட்டனர்.

வகுப்பறை வாசலில் இயக்குநர் கை உயர்த்தினார். "ஒருத்தர் மட்டும்."

"ஒருத்தர்தான் சார் வந்திருக்கோம்" என்றான் நெட்டையன், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தபடி.

ஆலோசகர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பின்னரே, மேசையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"பயப்படாதீங்கம்மா" என்றார் இயக்குநர். "வேலை போகல. வகுப்பு மட்டும்தான் போகுது. கையெழுத்துப் போட்டுட்டுப் போய் வேலையைப் பாருங்க."

தலைகள் கூடின.

"என்ன முணுமுணுப்பு? நேரா சொல்லுங்க."

முகங்கள் நிமிர்ந்தன. "பிள்ளைங்களுக்கு வகுப்பு இல்லன்னா எங்க கையெழுத்தும் இல்ல."

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது? உங்களுக்கு யார் தலைவர்?"

மீண்டும் தலைகள் கூடின. அக்கேள்வி உண்மையாகவே நெடுநேரம் ஆராயப்பட்டது. பிறகு விடை வந்தது.

"அப்படி யாரும் இல்ல சார். நல்லா விசாரிச்சுட்டோம்."

இயக்குநரின் மென்மை கழன்றது. "நாளைக்கே கீழேருந்து ஆள் ஏத்துவேன். அடுப்பு எரிக்கத் தெரிஞ்சவங்களுக்கா பஞ்சம்? பாதிக் கூலியும் இல்லாம நிப்பீங்க, தெரியுதா?"

மணிக்காரி சின்னம்மாவை ஒட்டி நின்றாள். அவள் வீட்டில் உலை ஏறுவது அவளுடைய கூலி ஒன்றினால்தான் என்பதை எல்லோரும் அறிவர். அவள் கைவிரலைச் சின்னம்மா பற்றிக்கொண்டாள்.

இயக்குநர் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். நீங்களும் ஒத்துக்கிட்ட முறைதானே? அந்தத் தேர்வு சரியா, தப்பா?"

அறை முழுதும் அவளைப் பார்த்தது. விடை அவளிடம் ஆயத்தமாய் இருந்தது. மேடைக்கு ஏற்ற, அழகிய, முழுமையான வாக்கியங்களில் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் நியாயமும் ஆகும், புகழும் ஆகும். ஆனால் அதுவும் முந்திவாயின் விடையாகவே இருக்கும். அவர்கள் மறுபடியும் பேசப்படும் பொருளாகவே நிற்பார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மேசையைச் சுற்றி நடந்து அந்த முதுகுகளின் பின்னே போய் நின்றாள்.

முதுகுகள் உடனே விலகவில்லை. இயக்குநரின் பார்வை அவள் பிடரியில் காய்ந்தது. பிறகு சின்னம்மா, அவளைத் திரும்பிப் பாராமலே, தோளைச் சற்று நகர்த்தினாள்.

அவள் குனிந்து தலையை நுழைத்தாள். புகையும் ஈரத் தலைமுடியும் மணத்தன. மலைமொழியில் பேசத் தொடங்கினாள். நடுவில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் நின்றாள். மணிக்காரி அச்சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.

"இதைச் சொன்னா உன் வேலை?" என்றாள் சின்னம்மா.

"போகும்."

"போனா?"

"வந்து தண்ணி தூக்குறேன்."

"சிந்துவே" என்றான் நெட்டையன்.

"சிந்துவேன்."

சொல் ஒவ்வொரு காதாய்ச் சென்று சுற்றி வந்தது. விளங்காதவர் மீண்டும் கேட்டார். அவருக்கு மீண்டும் சொல்லப்பட்டது. இயக்குநர் மேசையை விரலால் தட்டினார். எவரும் விரையவில்லை. பின்னர் நிமிர்ந்தனர்.

"தேர்வு தப்பு. பிள்ளைங்களைச் சேர்த்து உட்கார வச்சுக் கேளுங்க. அதுவரைக்கும் கையெழுத்து இல்ல. வகுப்பு நடக்கும்."

அந்தக் குரலில் ஆலோசகரின் குரல் எது என்று பிரித்தறிய முடியவில்லை.

இயக்குநர் பையை மூடினார். "இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும்" என்று அவளை மட்டும் பார்த்துச் சொன்னார். அவள் வாய் திறக்கவில்லை. இடமும் வலமும் பார்த்தாள்.

"சொல்லுவோம் சார்" என்றனர் எல்லோரும்.

கார் வளைவில் மறைந்தது. வெற்றி என்று எவரும் எண்ணவில்லை. நாளை கீழிருந்து ஆட்கள் வரலாம், கூலி நிற்கலாம், அவளுடைய பதவி போய்விடும் என்பது திண்ணம். அவளிடம் எவரும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. வெட்கம் தணியவும் இல்லை. அடுப்படி மூலையில் அவளுக்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டது, அவ்வளவே. அதை உண்ணும்போது அவள் நிமிர்ந்து எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் அவள் வெறுங்காலுடன் வரிசையில் நின்றாள். முன்னவரின் குதிகால் குழியில் கட்டைவிரலை ஊன்றக் கற்றுக்கொள்வதற்குள் இருமுறை சறுக்கினாள். மேலே விடுதித் தொட்டியருகே சின்னம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாதிதான் வந்திருக்கு. மறுபடி இறங்கு."

இறங்கினாள். மற்றவர்களும் அடுத்த நடைக்கு அவள் பின்னே இறங்கினர். ஓடைக்கு அப்பாலிருந்த சரிவில் இன்னொரு விடுதி உண்டு. அங்கிருந்தும் ஒரு வரிசை குடங்களுடன் வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவள் ஓடையின் நடுவிலிருந்த கல்லில் கால் வைத்து நின்று, எதிரே குனிந்திருந்த ஆலோசகரைக் கேட்டாள்.

"உங்ககிட்ட நேத்து துறைக்காரங்க வந்தாங்களாமே. எங்களை இன்னிக்கு ஒவ்வொருத்தரா வரச் சொல்லியிருக்காங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

விடை அவள் நாவின் நுனியில் நின்றது. அவள் முந்தவில்லை. குடத்தைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பித் தன் வரிசையைப் பார்த்தாள். குடங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. ஈரக் கரையில் தலைகள் கூடின. கூடிய பின், ஓடையின் அப்புறத்தார் வந்து தலை நுழைக்கத் தக்கதாய், அந்தப் பக்கத்துத் தோள்கள் சற்றே விலகி இடம் விட்டன.