இரண்டாவது வரியில் ஒரு கப்பல்

கொழும்புத்துறை லெனாட் பழைய ரேடியோ, ரீவி, பிரிண்டர் என்று எது அகப்பட்டாலும் வாங்கிப் பிரித்து விற்கிறவன். சனிக்கிழமை காலை அவன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "கீர்த்தி, ஒரு பிஸ்கற் தகரம் நிறையக் கேம் கசற் வந்திருக்கு. வேறை ஆள் வாறதுக்கு முதல் வா."

கீர்த்திகன் அப்போதுதான் கடலால் வந்து வலையைக் காயப் போட்டிருந்தான். குளிக்கவும் இல்லை. பருத்தித்துறையிலிருந்து கொழும்புத்துறைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அன்று முக்கால் மணித்தியாலத்தில் போய் நின்றான்.

"நெல்லியடியிலை ஒரு பழைய வீட்டை இடிக்கிறாங்கள். பரணிலை கிடந்ததாம்" என்றான் லெனாட். "வேலை செய்யுமோ எண்டு என்னட்டைக் கேக்காதை."

"செய்யாட்டிலும் பரவாயில்லை. தா இஞ்சை."

கீர்த்திகனுக்கு முப்பத்துநாலு வயது. அவனோடு தொழிலுக்குப் போகிறவர்கள் ஓய்வு நாளில் கரப்பந்து விளையாடப் போவார்கள். இவன் பழைய ரீவி கேம் மெசின்களைத் தேடி அலைவான். வீட்டின் கடைசி அறையில் பதினொரு மெசின்கள் வரிசையாக இருந்தன. கடற்கரை உப்புக்காற்றில் எதுவும் கறள் பிடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு கசற்றையும் இறுக்கி மூடுகிற சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு, சப்பாத்துப் பெட்டிகளுக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பொதிகளையும் அதற்குள் வைத்திருந்தான். சமையலறையில் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது அவன் மனைவி கஜானியின் நிரந்தர முறைப்பாடு.

வீட்டுக்கு வந்ததும் தகரத்தைத் திறந்தான். ஏழு கசற்றுகள். ஆறும் எங்கும் கிடைக்கிறவை: கார் ஓட்டம், துப்பாக்கிச் சண்டை, உதைபந்து. ஏழாவது ஜப்பான் மெசினுக்கான சாம்பல் நிறக் கசற். மேலே ஒட்டியிருந்த படம் உரிந்துபோய்ப் பசைக் கறை மட்டும் இருந்தது. பஞ்சில் ஸ்பிரிற் தொட்டு அதன் செப்புப் பற்களைத் துடைத்தான். பஞ்சு கறுப்பாக வந்தது. நாலாவது பஞ்சு வெள்ளையாக வந்ததும் கசற்றை மெசினில் செருகி ஆளியை மேலே தள்ளினான்.

முதலில் அலைச் சத்தம். பிறகு மூன்று மத்தள அடி.

கதிரை பின்னால் விழுந்தது கீர்த்திகனுக்குத் தெரியாது. அவன் எழுந்து நின்றான்.

"கஜானி! இஞ்சை ஓடி வா!"

கஜானி கையில் அகப்பையோடு ஓடி வந்தாள். ரீவியில் நீலக் கடலும் ஒரு பாய்க்கப்பலும்தான் தெரிந்தன. "என்னப்பா, பாம்போ எண்டு பயந்திட்டன்."

"இது கப்பல் கேம். இருவது வரிசமாத் தேடுறன். பேர் தெரியாமல் ஒருத்தரிட்டையும் கேக்கவும் ஏலாமல் இருந்தது."

அது உண்மை. இரண்டாயிரத்து நாலில் கீர்த்திகனும் அவன் சித்தப்பாவின் மகள் ஆரபியும் ஒன்பதாம் வகுப்பு. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்து, கொழும்பிலிருந்து ரீவி கேம்கள் வந்து இறங்கிய காலம். நெல்லியடியில் கசற் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே யாரும் சீண்டாமல் கிடந்தது இந்தக் கசற்தான். எல்லாம் ஜப்பான் எழுத்து, சுடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. கப்பலில் துறைமுகம் துறைமுகமாகப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். இரண்டு பேரும் எந்தச் சொல்லை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று ஒரு கொப்பியில் படம் போட்டுப் போட்டு, ஏழு மாதம் விளையாடினார்கள். கடைசிக் கடல் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தாண்டினார்கள். அந்தக் கடலில் ஒரு புயல் நின்றது. மூன்று தரம் போய் மூன்று தரமும் மூழ்கினார்கள். ஒரு சனிக்கிழமை, திங்கள் திரும்ப எடுக்கலாம் என்று கசற்றைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். திங்கள் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள்.

கீர்த்திகன் பொத்தானை அழுத்தினான். சேமித்து வைத்த ஆட்டங்களின் பட்டியல் வந்தது. மூன்று வரிகள். முதலாவது வெறுமை. மூன்றாவது வெறுமை. இரண்டாவதில் மூன்று எழுத்துகள் இருந்தன. ஒன்று தூண்டில் முள்போல வளைந்திருந்தது, ஒன்று சுருட்டி வைத்த கயிறுபோல, மற்றது ஒரு சின்ன மேடுபோல.

வாசிக்கத் தெரியாத எழுத்துகளில் வடிவம் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கப்பலுக்குப் பெயர் வைத்தது அவனும் ஆரபியும்தான். வேறு யாரும் அப்படிப் பெயர் வைத்திருக்க முடியாது. அதே கசற். அவர்கள் கடைசியாக நிறுத்திய இடம் அப்படியே கிடந்தது.

ஆரபி இப்போது புத்தூரில் இருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிற வேலை. கீர்த்திகன் போனை எடுத்தான்.

"ஆரபி, பக்கத்திலை கதிரை இருக்கோ? இருந்துகொண்டு கேள்."

"என்ன அண்ணை? ஆருக்கு என்ன?"

"கப்பல் கேம்."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"எங்கடை கப்பல். ரண்டாவது வரி. தூண்டில், கயிறு, மேடு. அப்பிடியே நிக்குது."

"பொய்."

"சத்தியமா."

"ஒண்டையும் தொடாதை! மெசினை நிப்பாட்டாதை! நான் வாறன்."

நாற்பது நிமிடத்தில் அவளுடைய ஸ்கூட்டி படலைக்குள் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே அறைக்குள் ஓடி வந்து, ரீவியின் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். இரண்டாவது வரியை விரலால் தொட்டாள். பிறகு கீர்த்திகனின் தோளில் ஓங்கி ஓர் அடி.

"ஏன் அடிக்கிறாய்?"

"எனக்குத் தெரியாது. சந்தோஷத்திலை."

உடனே விளையாடத்தான் இருவருக்கும் கை துடித்தது. ஆனால் கீர்த்திகனுக்கு ஒரு பயம் இருந்தது. இந்தக் கசற்றுகளுக்குள் நாணயம் போன்ற ஒரு சின்னப் பற்றரி இருக்கும். சேமித்த ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். மெசினை நிறுத்திக் கசற்றை வெளியே எடுத்து, பேனைக் கூட்டை உருக்கித் தானே செய்த திருகாணிச் சாவியால் திறந்தான். மீற்றரை வைத்துப் பார்த்தான். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது, இரண்டும் சொச்சமும் காட்டியது.

"இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு" என்றான். "பற்றரி செத்தால் கப்பலும் போச்சு."

"அப்ப மாத்துங்கோவன்" என்றாள் கஜானி.

"மாத்தக் கழற்றினாலும் கப்பல் போச்சு. ஒரே ஒரு வழிதான் இருக்கு. மெசின் ஓடேக்கை மாத்தவேணும். அப்ப நினைவுக்குக் கறண்ட் மெசினாலை போகும். பழசைக் கழற்றி, புதுசை ஈயம் வச்சு ஒட்டி முடியுமட்டும் மெசின் ஒரு கணமும் நிக்கக் கூடாது."

"அதுக்குள்ளை கறண்ட் போனால்?" என்றாள் ஆரபி.

வெளியே சோழகக் காற்று விசிறி அடித்துக்கொண்டிருந்தது. தென்னை ஓலைகள் கம்பிகளை உரசும் சத்தம் கேட்டது. கீர்த்திகன் எழுந்து கரைக்கு ஓடினான். வள்ளத்தில் விளக்கெரிக்கும் பன்னிரண்டு வோல்ட் பற்றரியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அந்த மெசினுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும் என்பது அவனுக்குத் தெரியும். வயரை வெட்டி இணைத்து, மேல்கூடு இல்லாத கசற்றைத் திரும்ப மெசினில் செருகி ஆளியைத் தள்ளினான். மெசினின் சிவப்பு விளக்கு வள்ளத்துப் பற்றரியில் எரிந்தது. ரீவி மட்டும் வீட்டுக் கறண்டில் ஓடியது. இரண்டாவது வரி இன்னும் நின்றது.

"ஆர் ஒட்டுறது?" என்றான். தன் விரல்களைப் பார்த்தான். வலை இழுத்துத் தடித்த விரல்கள்.

ஆரபி கைப்பையிலிருந்து நுனி வளைந்த சாவணம் ஒன்றை எடுத்தாள். "ஆறு வயசுப் பிள்ளையளின்ரை வாய்க்குள்ளை வேலை செய்யிறனான். இது கத்தாது, கடிக்காது. நான் செய்யிறன்."

சோல்டறிங் அயனைச் சூடாக்கி, தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்று கீர்த்திகன் சொல்லிக் கொடுத்தான். இல்லாவிட்டால் அதிலிருந்து கசியும் கறண்டே நினைவை அழித்துவிடும். ஆரபி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பழைய பற்றரியின் ஒரு கால் விட்டது. இரண்டாவது காலும் விட்டது. அதைச் சாவணத்தால் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். ரீவியில் இரண்டாவது வரி அசையவில்லை. கீர்த்திகன் எப்போதோ வாங்கி வைத்திருந்த புதுப் பற்றரியை இடத்தில் வைத்து, அயனைத் திரும்பச் சூடாக்க பிளக்கைச் செருகினார்கள்.

படாரென்று ரீவி அணைந்தது. மின்விசிறி நின்றது.

"ஐயோ" என்றாள் கஜானி.

"மெசின்! மெசின் எரியுதோ?" என்று ஆரபி கத்தினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கீர்த்திகன் அதற்கு முன்னால் கையைப் பொத்திப் பிடித்தான், காற்றில் அணைந்துவிடுகிற திரிவிளக்கைப் பிடிப்பதுபோல. உள்ளே கப்பல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ரீவி இல்லை. புதுப் பற்றரி ஒட்டாமல் சும்மா வைத்தபடி இருந்தது. ஒட்டுவதற்கு அயன் ஆறிக்கொண்டிருந்தது. வள்ளத்துப் பற்றரி நாலு இரவு விளக்கெரித்த பற்றரி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

"கறண்ட் எப்ப வரும்?" என்றாள் ஆரபி.

"ஆருக்குத் தெரியும்? போன கிழமை மூண்டு மணித்தியாலம்."

இந்த நேரத்தில்தான் கஜானி அயனைப் பறித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். "எங்கையப்பா கொண்டு போறாய்?" என்று கீர்த்திகன் கத்தினான். அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. காஸ் அடுப்பின் நெருப்பில் அயனின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனை நிறம் மாறியதும் தாழ்வாரத்தால் ஓடி வந்தாள். "விலத்துங்கோ! விலத்துங்கோ!"

ஆரபி வாங்கித் தொட்டாள். ஈயம் லேசாக இளகி, சாம்பல் நிறத்தில் உறைந்துவிட்டது.

"காணாது. இன்னும் சூடு வேணும்."

திரும்ப ஓட்டம். இந்த முறை அதிக நேரம் பிடித்தாள். திரும்பி ஓடி வரும்போது நிலைப்படியில் காலை இடித்தும் நிற்கவில்லை. ஆரபி தொட்டாள். ஈயம் வெள்ளி மணிபோல உருகிப் பளபளத்து ஓடிப் பிடித்தது.

"ஒரு கால் சரி. ஓடு அண்ணி!"

கஜானி மூன்றாவது தரமும் ஓடினாள். இரண்டாவது காலும் பிடித்தது. ஆரபி சாவணத்தால் பற்றரியை மெல்லத் தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. அப்படியே சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் நெற்றியிலிருந்து வியர்வை வடிந்தது.

இனிக் காத்திருப்பதுதான் வேலை. கஜானி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் சிவப்பு விளக்கையே பார்த்தபடி குடித்தார்கள். ஐம்பது நிமிடம் கழித்து மின்விசிறி கிறீச்சிட்டுச் சுழன்றது. கீர்த்திகன் ரீவியைப் போட்டான். கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு நீலம். பிறகு மூன்று வரிகள்.

இரண்டாவதில் தூண்டில், கயிறு, மேடு.

ஆரபி போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. கஜானி அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அகப்பையோடு ஓடி வந்து, பாம்போ என்று பயந்தவள் அவள்தான். கீர்த்திகனுக்குக் குதிக்க வரவில்லை. கண் கலங்கியது. அதை மறைக்கக் கசற்றின் மூடியைத் தேடுவதுபோலக் குனிந்தான்.

"எடு கொன்ரோலரை" என்றாள் ஆரபி. "கடைசிக் கடலுக்குப் போவம்."

துறைமுகத்தைவிட்டுக் கப்பல் வெளிக்கிட்டது. நீர், உணவு எல்லாம் நிறைய இருந்தது. பதினாலு வயதில் அவர்கள் ஏற்றி வைத்தது. சற்று நேரத்தில் திரையின் மேல்பக்கம் கறுத்தது. அதே புயல். அதே வேகமான மத்தளம்.

"முழுப் பாயையும் ஏத்து! ஓடித் தப்புவம்!" என்று ஆரபி கத்தினாள். இருபது வருடத்துக்கு முன்னும் அவள் அதைத்தான் கத்தினாள். அப்போதும் அவன் அப்படித்தான் செய்தான்.

இப்போது கீர்த்திகனின் விரல் மற்றப் பொத்தானுக்குப் போனது. மூன்று வருடத்துக்கு முன் கடலில் ஒரு மத்தியானம் காற்று மாறி அடித்தபோது, வள்ளத்தின் முன்பக்கத்தை அலைக்கு நேரே பிடித்துக்கொண்டு ஐந்து மணித்தியாலம் ஓடாமல் நின்றுதான் அவன் கரை சேர்ந்தான்.

"என்ன செய்யிறாய்? பாயை இறக்கிறாய்!"

"ஓம். இறக்கிறன்."

"நிண்டிடுமே!"

"நிக்கட்டும். முகத்தைக் காத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்."

கப்பல் ஓர் அலையில் ஏறி விழுந்தது. ஒரு பாய்மரம் முறிந்தது. ஆரபி கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தாள். இன்னோர் அலை. சரக்குப் பெட்டிகள் கடலில் மிதந்தன. கீர்த்திகன் பல்லைக் கடித்துக்கொண்டு முன்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான். மத்தளம் மெதுவாகியது. ஒன்று, இரண்டு, நின்றுவிட்டது. கறுப்பு விலகியது. கடலின் விளிம்பில் ஒரு பச்சைக் கரை எழுந்தது. அவர்கள் ஒருநாளும் கேட்டிராத ஒரு பாட்டு, புல்லாங்குழலில், தொடங்கியது.

ஆரபி கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

கப்பல் தானாகக் கரைசேர, நரைத்த தாடிக்காரர் ஒருவர் வந்து நின்று நீளமாக ஏதோ சொன்னார். எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன. ஆரபி போனின் கமராவைத் திரைக்கு நேரே பிடித்தாள். இப்போது ஜப்பான் எழுத்தைப் போனே மொழிபெயர்க்கும்.

"என்னவாம்? ராசாவோ? புதையலோ?" என்று கீர்த்திகன் அவசரப்படுத்தினான்.

ஆரபி வாசித்தாள்: "எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நல்லது. குடித்துவிட்டுப் போங்கள்."

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கஜானிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. கீர்த்திகன் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனான். கிளாஸோடு திரும்பி வந்தபோது, கொன்ரோலர் ஆரபியின் கையில் இருந்தது. திரையில் முழுப் புதுக் கடல் ஒன்று விரிந்து கிடந்தது. தீவுகள் தீவுகளாக, அவர்களுடைய கொப்பியில் இல்லாத கடல்.

"ஏய், நில்லு! நான் வந்தாப்பிறகு போ!"

"நீ வாறதெண்டால் கெதியா வந்து ஏறு" என்று சொல்லிக்கொண்டே ஆரபி நங்கூரத்தைத் தூக்கினாள்.