இரும்பு முயல்

"ஞாயித்துக்கிழமை சீலம் எடுக்கப் போற. துப்பாக்கி இன்னும் அலமாரியிலயே இருக்கு," என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே கையிலிருந்த கொசு பேட்டை வீசினாள். 'சட்'டென்ற சத்தத்தோடு ஒரு பொறி பறந்தது. "ஒழிஞ்சுது சனியன்."

"நீ சீலம் எடுத்து மூணு வருசம் ஆச்சுல்ல?" என்றாள் தங்கை.

"பேச்ச மாத்தாத."

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை. வேலை முடிந்தால் ஒன்று தியான அறை, இல்லாவிட்டால் துப்பாக்கிச் சங்கம். இரண்டும் ஒத்துப்போகும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஆனால் இப்போது, எந்த உயிரையும் கொல்லமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் உறுதிசொல்லிச் சீலம் எடுத்துவிட்டு மறுநாள் துப்பாக்கியைத் தூக்கலாமா? தியான அறையின் பௌத்தப் பிக்குவிடமே கேட்டுவிட்டாள்.

எல்லோரும் மரியாதையாகப் 'பந்தே' என்று அழைக்கும் அந்தப் பிக்கு, துறவுக்கு வரும்முன் லிஃப்ட் பழுதுபார்த்தவர். "அது எப்படி வேலை செய்யுது, சொல்லு," என்றார்.

இப்படிக் கேட்டால் தங்கையை நிறுத்த முடியாது. துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, முன்பக்கம் ஒரு வளையம், பத்து மீட்டர் தள்ளி காகிதத்தில் கறுப்பு வட்டம். மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். ஆனால் கண்ணால் ஒரு தூரத்தைத்தான் ஒரு நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியும். அதனால் முன்வளையத்தைக் கூர்மையாகப் பார்த்து, வட்டம் மங்கலாகத் தெரிவதை அப்படியே விட்டுவிட வேண்டும். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். தாமதமானால் கண் சோர்ந்துவிடும். அப்போது சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். "இறக்கி வைக்கத்தான் ரொம்ப நாள் பழகணும் பந்தே."

பிக்கு ரசித்துக் கேட்டார். "வட்டத்தை மட்டும்தான் சுடுவீங்களா?"

"சனிக்கிழமை போட்டியில இரும்பு முயலும் உண்டு. குண்டு பட்டா மடிஞ்சு விழும்."

"சுடும்போது மனசு எங்க இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

"தப்பா ஏதாவது இருந்தா விட்டுடறேன் பந்தே."

"எதை விடணும்னும் பாரு."

சனிக்கிழமை காகிதச் சுற்று நன்றாகவே போனது. வளையம், மூச்சு, விரல். குண்டு எங்கே பட்டது என்ற கேள்விகூட காகிதம் கம்பியில் ஓடித் திரும்பி வந்த பிறகுதான் எழுந்தது. போட்டியில் அவளோடு ஜோடி சேர்ந்து சுடும் பேக்கரிக்காரர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். "கோப்பைய வைக்க இப்பவே இடம் பாத்துக்கோம்மா."

அடுத்தது முயல் சுற்று. முதல் முயல் 'டங்'கென்று சாய்ந்தது. அவள் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. இரண்டாவது முயலுக்குத் துப்பாக்கியை உயர்த்தியபோது வளையம் மங்கலாகத் தெரிந்தது. முயலின் காதுகள் மட்டும் துல்லியமாக இருந்தன. வில்லை தேய்ப்பவளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு கணம் போதும்: கண் வளையத்தை விட்டு முயலிடம் போய்விட்டது. அது விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டுப் போயிருக்கிறது.

அவள் துப்பாக்கியை இறக்கி, குண்டை வெளியே எடுத்தாள்.

"என்னாச்சு?" என்றார் பேக்கரிக்காரர்.

"நான் இந்தச் சுத்துல இல்லண்ணே."

"இன்னும் நாலு முயல்தாம்மா. இரும்புக்கு வலிக்குமா என்ன?"

"அதுக்கு வலிக்காது. விழுந்தப்போ எனக்கு இனிச்சுது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கோப்பை கைக்கு வந்து போச்சு. நாளைக்கு என் பன்னைத் திங்க வந்துடாத."

"வருவேன். ரெண்டு எடுத்து வைங்க."

ஞாயிறு காலை பிக்குவிடம் துள்ளலையும் சேர்த்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "காகிதத்தச் சுடறப்போ இங்க உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. அதுல தப்பில்ல. முயலை விட்டுட்டேன். இனிமே உருவம் வெச்ச எந்தக் குறியையும் சுடமாட்டேன். துப்பாக்கி என்கிட்டயே இருக்கும் பந்தே."

"என்னைக் கேக்கறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

"சரி, முன்னால வந்து உக்காரு," என்றார் பிக்கு.

தங்கை சீலம் எடுத்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கொசு வந்தது. அக்கா பேட்டை எடுத்து ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"'சட்'டுன்னு சத்தம் கேக்குமே, அப்போ எனக்கும் இனிக்குதுடி," என்றாள்.

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சிரிக்காத. பரண்ல கொசுவலை இருக்கும், எடு."