நான்கு ராடுகளின் ஹலால்

ஹமாம் மலைப் பந்தயத்தில் ஏறும் ஒரு சிவப்புக் காரின் எஞ்சின் ஆறாயிரம் சுற்றைத் தொட்ட ஒவ்வொரு முறையும், முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஸர்க்கா நகரில் மெத்தையில் கால் நீட்டிப் படுத்திருந்த ஜித்ஆன் என்ற வயதான டாக்ஸி ஓட்டுநரின் இரண்டு முழங்கால்களும் காப்பி கொதிக்கும் அளவுக்குச் சூடாயின. சந்தேகம் தீரட்டும் என்று அவர் மகள் வத்ஹா ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் காப்பிக் கெண்டியை வலது முழங்காலில் வைத்துப் பார்த்தாள். நான்கு நிமிடத்தில் பொங்கியது. ஏலக்காய் தட்டிப் போட்டு ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தார்கள். தெருவில் பேச்சு எழத்தான் செய்தது. ஆனால் அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள், அதுவும் ஆறு மணி நேரம்தான் வந்தது; பெரியவரின் முழங்காலைப் பற்றி நெடுநேரம் பேச யாருக்கும் தெம்பில்லை.

சூட்டை அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால் வந்த களைப்புதான் ஆளைத் தின்றது. சிவப்புக் கார் மலையில் ஏறியது ஏழே கிலோமீட்டர். ஜித்ஆனுக்கு வந்ததோ பாக்தாத் போய்த் திரும்பிய களைப்பு: கண்ணில் மணல், இடுப்பில் கல், வாயில் எல்லைச் சாவடித் தேநீரின் கசப்பு. முதல் பந்தயத்துக்குப் பிறகு மூன்று நாள் தூங்கினார், இரண்டாவதற்குப் பிறகு ஐந்து நாள். பார்க்க வந்த டாக்டர் நாடி பிடித்து, கண்ணைத் திறந்து பார்த்து, நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார். படுத்த படுக்கையாகவே இருப்பவர் அதற்கு மேல் எப்படி ஓய்வெடுப்பது என்று வத்ஹா கேட்டாள்.

காரணம் ஷாமிலின் பட்டறையில் இருந்தது. ஷாமில் செச்சென் வம்சத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது, பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுவது தொழில். ஒன்பது ஆண்டுகளில் ஏற்றப் பந்தயத்துக்காக நான்கு எஞ்சின்கள் கட்டினார். நான்கும் உச்சியைப் பார்க்கவில்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடு ஒவ்வொன்றிலும் பாதி மலையில் முறிந்து, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டைகளை வைத்து ஊரார் அவருக்கு ஜன்னல் ஷாமில் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது, "உஸ்தா, எங்க வீட்ல காத்தே வரல, ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்களேன்" என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தொட மாட்டார். ஐந்தாவது எஞ்சினைக் கட்டச் சொன்னவர் வஸ்ஃபி என்ற பல் டாக்டர். சிவப்புக் கார் அவருடையது, ஓட்டுவதும் அவரே. "உஸ்தா, ஓட்டை போடறது என் தொழில். நீங்க அதைச் செய்யாதீங்க. இதுவும் போச்சுன்னா நான் வேற பட்டறை பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல.

ஆகவே ஷாமில், டீசல் எஞ்சினின் ராடு தேடி, ஹிக்மத்தின் பழைய கார் உடைக்கும் களத்துக்குப் போனார். டீசல் ராடு அடி தாங்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே ஒரு வெள்ளை மெர்சிடிஸ் டாக்ஸி நின்றது. முப்பத்தோராண்டு பாக்தாத் சாலையில் ஓடியது, எஞ்சின் ஒருமுறைகூடத் திறக்கப்படாதது. நான்கு ராடுகளையும் கழற்றித் தராசில் வைத்தார். நான்கும் ஒரே எடை, ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. புது ராடுகளிலேயே அப்படி வராது. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

ஸர்க்காவில் பழைய பொருள் எதை வாங்கினாலும், அது கதவோ கழுதையோ, விற்பவர் வாயால் 'ஹலால்' என்று சொல்லக் கேட்டுக்கொண்டுதான் தூக்குவார்கள். மனமொப்பிக் கொடுத்தேன், இனி உன்னுடையது என்று அர்த்தம். ஹிக்மத் சொன்னார்: "ஹலால், ஹலால், எடுத்துட்டுக் கிளம்பு, வெயில் ஏறுது." ஆனால் ஹிக்மத்துக்கு டாக்ஸியை விற்றது ஜித்ஆனின் மகன். அப்பா கண்புரை அறுவைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், இனி இதை யார் ஓட்டப் போகிறார்கள் என்று விற்றுவிட்டு, வேலைக்காக வளைகுடாவுக்குப் போய்விட்டான். கண்ணில் கட்டோடு வீடு திரும்பிய ஜித்ஆன், வாசலில் கார் நிற்கிறது என்றே நான்கு நாள் நினைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோராண்டு ஓட்டியவர் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லவில்லை. ஷாமில் செய்த தவறு இது ஒன்றுதான்: ஹலாலை வியாபாரியிடம் கேட்டார், ஓட்டியவரிடம் கேட்கவில்லை.

ஆறு வாரம் வேலை நடந்தது. ராடுகளின் பக்கங்களை லேத்தில் சீவினார், சின்னத் துளைகளுக்கு வெண்கல வளையம் அடித்தார், ராடு நீளமாக இருந்ததால் அதற்குத் தோதான குட்டைப் பிஸ்டன்களை இன்னொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்தினார். எஞ்சின் முதல் பந்தயத்தில் உச்சியைத் தொட்டது. இரண்டாவதில் மூன்றாம் இடம். மூன்றாவதில் முதல் இடம். ரொட்டிக் கடையில் ஜன்னல் பேச்சு நின்றது. ஷாமில் பல ஆண்டுகளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

சுவர்க் காலண்டரில் அப்பாவுக்குச் சூடேறிய நாட்களை வட்டமிட்டு வைத்திருந்த வத்ஹா, பந்தயச் செய்தி வந்த பத்திரிகையில் தேதிகளை ஒத்துப் பார்த்து, ஹிக்மத்திடம் விசாரித்து, நேரே பட்டறைக்கு வந்தாள். காலண்டரைப் பணிமேசை மேல் விரித்தாள். ஷாமில் தேதிகளைப் பார்த்தார். தன் எஞ்சினின் ஒவ்வொரு ஓட்டமும் அதில் இருந்தது.

"அண்ணே, உங்க வண்டி மலை ஏறுது, எங்க வாப்பா மூச்சு வாங்கறாரு. அந்த ராடையெல்லாம் கழட்டிடுங்க."

"கழட்டினா நான் திரும்ப ஜன்னல்காரன் ஆயிடுவேன்மா."

"ஆகுங்க. அதுல யாரும் சாகல."

கழற்ற மனம் வராமல், ஷாமில் ஜித்ஆனிடம் ஹலால் கேட்கப் போனார். சொல் கிடைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தார். பெரியவர் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"மூணாவது வளைவுல உங்க பல் டாக்டரு கியரை லேட்டா மாத்தறான். என் இடது முட்டி சொல்லுது" என்றார்.

"சொல்றேன் ஹாஜி. நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க."

"நான் விக்காததுக்கு நான் எதுக்கு ஹலால் சொல்லணும்? சொல்லிட்டா எனக்கு என்னப்பா மிச்சம்? இந்தச் சுவரா?"

வத்ஹா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் மாறவில்லை; ஷாமிலும் எஞ்சினைக் கழற்றவில்லை. இப்படியே இரண்டு பந்தயப் பருவங்கள் ஓடின. பந்தய நாளில் உடம்பு தூக்கிப் போடாமலிருக்க, வத்ஹா ஹிக்மத்தின் களத்திலிருந்து பழைய டாக்ஸியின் சீட் பெல்ட்டை வாங்கிவந்து அப்பாவைக் கட்டிலோடு மாட்டினாள். அவர் தொலைபேசியில் வளைவு வளைவாகச் சொல்ல, ஷாமில் அதைப் பல் டாக்டருக்குச் சொன்னார். சிவப்புக் கார் ஏழு முறை ஜெயித்தது. கோப்பைகளை வைக்க டாக்டர் தன் கிளினிக்கில் அலமாரி அடித்தார். ஜித்ஆன் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் நேரம் தூங்கினார். ஏழாவது வெற்றிக்குப் பிறகு பதினெட்டு நாள். விழித்தபோது, கையைத் தூக்கிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. வத்ஹா ஸ்பூனால் ஊட்டினாள்.

அதை ஷாமில் நேரில் பார்த்தார். பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதில் ஜெயித்தால் நாட்டுச் சாம்பியன் பட்டம். பட்டறைக்குத் திரும்பினார். பிறகு எண்ணெயை வடித்தார், எஞ்சினைப் பிரித்தார். டாக்டர் வஸ்ஃபி வந்து கத்தினார், கெஞ்சினார், கடைசியில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். ஷாமிலின் வாழ்க்கையில் ஒழுங்காக ஓடியது அந்த ஒரு எஞ்சின்தான். நான்கு ராடுகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, மறுநாள் காலையில் ஜித்ஆனின் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார்.

"ஹாஜி, உங்க பொருள். வார்த்தையெல்லாம் வேண்டாம். நீங்க நல்லாத் தூங்குங்க."

ஜித்ஆன் ஒன்றொன்றாகத் தடவிப் பார்த்தார். ராடு ஒவ்வொன்றிலும் அதன் அடிமூடியிலும் அடித்திருந்த வரிசை எண்ணை விரலால் தேடினார். "மூடி மாறலையே?" என்று கேட்டார். மாறவில்லை என்றார் ஷாமில். வத்ஹா முதல் ராடை எடுத்துப் பெரியவரின் நெஞ்சில் வைத்தாள்.

"இது களைக்கவே இல்லப்பா. புதுசாட்டம் இருக்கு. எல்லாக் களைப்பும் எங்கிட்டத்தான் இருக்கு" என்றார் அவர். பிறகு சொன்னார்: "எம் பையன் கேக்காம வித்தான். நீ கேக்காமத் திருப்பிக் குடுக்கற. கேட்டியா வத்ஹா, திருப்பிக் குடுக்க வந்த மொத ஆளு இவன்தான்."

வத்ஹா தலையாட்டினாள்.

"ஹலால் சொல்றேன். ஆனா களைப்பும் சேர்த்துத்தான் வரும். தனியாப் பிரிச்சுத் தர எனக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்லு."

ஷாமில் யோசித்தார். தன் முழங்கால்களை, மாடிப்படி ஏறும்போதே அவை போடும் சத்தத்தை, முப்பத்தோராண்டின் மணலை யோசித்தார். அவருக்குப் பயமாக இருந்தது. சின்னக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாத அந்தக் கையையும் பார்த்தார். ஜித்ஆன் ஒன்றாம் எண் ராடைத் தொட்டு "ஹலால்" என்றார். ஷாமில் நிக்காஹில் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வதுபோல "கபூல்" என்றார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்காவதுக்கு ஷாமிலின் குரல் இறங்கியிருந்தது. எழுந்து நிற்க வத்ஹா கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஷாமில் எஞ்சினை ஏழு நாளில் திரும்பப் பூட்டினார். டாக்டர் மன்னிப்புக் கேட்காமல், ஒரு தட்டு குனாஃபா இனிப்போடு வந்தார். பந்தயத்தன்று ஷாமில் மலைக்குப் போகவில்லை, போக முடியவில்லை. பட்டறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கார் உச்சியைத் தொட்டதும் பட்டம் கிடைத்ததும் அவருக்கு முழங்கால் வழியாகத்தான் தெரிந்தது. பிறகு எட்டு நாள் தூங்கினார். கனவில் அவர் ஒருமுறைகூடப் பார்க்காத பாக்தாத் சாலை, மைல்கல் மைல்கல்லாக வந்தது. மறு வாரம் வத்ஹா சீட் பெல்ட்டைக் கொண்டுவந்து நாற்காலியில் இரண்டு போல்ட் போட்டு மாட்டிக் கொடுத்தாள்.

பழைய ராடு கொண்டுவருகிறவர்களிடம் ஷாமில் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்: "ஓட்டினவரு சொன்னாரா?" பந்தயம் உள்ள வெள்ளிக்கிழமைகளில், தொழுகை முடிந்து, ஜித்ஆன் பட்டறைக்கு நடந்தே வருகிறார், கையில் கெண்டியோடு. பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். கெண்டியை ஷாமிலின் முழங்காலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். கொஞ்ச நேரத்தில் கெண்டி முணுமுணுக்கத் தொடங்குகிறது.

"மூணாவது வளைவா?" என்கிறார் ஜித்ஆன்.

"ஆமா ஹாஜி. இன்னும் லேட்டாத்தான் மாத்தறான்" என்கிறார் ஷாமில், கண்ணைத் திறக்காமலே.

பெரியவர் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, முதல் கோப்பையை அவருக்கு ஊற்றுகிறார்.