பாட்டுக்கு அடியில் ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. அண்ணி கொடுத்தது. அதுவும் ஆசையாகக் கொடுக்கவில்லை. தன்னால் முடியாமல் போன ஒரு வேலையை என் தலையில் கட்டினாள், அது கதையாகிவிட்டது.

அண்ணி வீடியோ எடிட்டர். செருப்புக் கடையின் மாடியில் அவளுக்கு ஓர் அறை. வெளிச்சம் நுழையாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பாள். கல்யாணம், பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா, யாராவது ஓய்வு பெறுவது என்று எல்லாம் அங்கே வந்து, நறுக்கப்பட்டு, பாட்டு ஏற்றப்பட்டுப் போகும்.

நான் கதை எழுதுகிறவன். அண்ணிக்கு அதில் கோபம் கிடையாது, அனுதாபம்தான். "ஏன் தம்பி, ஒரு பொண்ணு அழறதை நீ ஒரு பக்கம் எழுதற. நான் அவ முகத்தைக் காட்டி, பின்னாடி லேசா ஒரு புல்லாங்குழல் விட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு இவ்வளவு சிரமம்?" என்பாள். சாப்பிடும்போதுதான் கேட்பாள். என் வாயில் சோறு இருக்கும். பதில் சொல்லாததற்கு அது ஒரு வசதி.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"இருட்டு அறையில் இரண்டு திரைகளும் இரண்டு கண்களைப் போல—"

[அண்ணி படித்துவிட்டு, "கண்ணு மாதிரியெல்லாம் இல்ல. ஒரு திரையில கோடு வேற விழுந்திருக்கு" என்றாள். அடித்துவிட்டேன்.]

"படமும் பாட்டும் நிறைந்துவிட்ட ஒரு காலத்தில் எழுத்தின் இடம் என்ன என்ற கேள்வி நம்மை—"

[நம்மை என்ன செய்கிறது? தெரியவில்லை. அதோடு, இந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆள் வரட்டும்.]

"மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒருவர் படியேறி வந்தார்."

நடந்தது இதுதான். இதையே வைத்துக்கொள்வோம்.

3

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப்பையில் டெஸ்டர், கையில் ஒரு பழைய வீடியோ கேசட். அண்ணி அதை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"இதுல ஒரு பாட்டு ஓடுதுங்க. அதை மட்டும் எடுத்துடணும்" என்றார்.

"எடுத்துட்டு வேற பாட்டு போடணுமா சார்?"

"வேண்டாம். அடியில என் வொய்ஃப் ஏதோ சொல்றா. அது கேக்கணும்."

திரையில் ஒரு காலி வீடு. புதிதாகக் குடிவந்த வீடு. மூட்டைகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஓர் இளம் பெண் நாற்காலிமேல் ஏறி ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டுகிறாள். ஒல்லியான ஒருவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் திரும்பி கேமராவை ஒரு பார்வை பார்க்கிறாள். பிறகு குனிந்து அவன் காதில் எதையோ சொல்கிறாள். நமக்கு அவள் பின்கழுத்துதான் தெரிகிறது. அவன் முகம் முழுசாகத் தெரிகிறது. ஒரு நொடி விழிக்கிறான். அப்புறம் சிரிக்கிறான் பாருங்கள், நாற்காலியை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் தடுமாறித் திரைச்சீலையைப் பற்றிக்கொள்ள, கம்பியோடு எல்லாம் கீழே வருகிறது. இவ்வளவுக்கும் மேலே ஒரு காதல் பாட்டு, தளும்பத் தளும்ப. படம் எடுத்த நண்பர் ஆசைப்பட்டுச் சேர்த்தது என்றார்.

அண்ணி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிறகு கழற்றி வைத்தாள்.

"சார், இது சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இல்ல, சுரண்டினா பழசு தெரியறதுக்கு. உங்க ஃபிரெண்டு பேச்சை அழிச்சுட்டு அந்த இடத்துல பாட்டை வெச்சிருக்கார். அடியில ஒண்ணுமே இல்ல."

"இப்பதான் மெஷினெல்லாம் எவ்வளவோ வந்துடுச்சுன்னு சொல்றாங்களே?"

"இருக்கறதைப் பிரிக்கலாம் சார். இல்லாததை எங்கேர்ந்து எடுக்கறது? முதல்ல எடுத்த கேசட் அவர்கிட்ட இருக்கா?"

"அது மேலயே வேற யார் வீட்டு விசேஷத்தையோ பதிஞ்சுட்டானாம்."

"அப்ப வீட்லயே கேட்டுடலாமே. அவங்கதானே சொன்னது?"

"கேக்காம இருப்பேனா? 'உங்களுக்கே ஞாபகம் இல்லையா? அப்ப விடுங்க'ன்னுட்டா."

அண்ணி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க வீட்ல இப்ப சண்டைகூட இல்லைங்க. அவ உள்ள ரூம்ல போன்ல பாட்டு கேப்பா. நான் ஹால்ல வீடியோ பார்ப்பேன். தண்ணி வேணுமான்னு கேப்பா. வேணும்பேன். அதோட சரி. போன வாரம் அலமாரியை ஒதுக்கறப்ப இது கிடைச்சுது. போட்டுப் பார்த்தா... யாருடா இவன், இப்படிச் சிரிக்கறான்னு இருந்துச்சு."

முடியாது என்று திருப்பி அனுப்பத்தான் அண்ணி வாயைத் திறந்தாள். "நாலு நாள் கழிச்சு வாங்க சார்" என்று வந்தது.

[எனக்கு இந்த மெக்கானிக்மேல் சந்தேகம். இவ்வளவு நயமாகப் பேசும் கணவர் வீட்டில் ஏன் பேசுவதில்லை? அண்ணியிடம் கேட்டேன். "முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாருமே நல்லாத்தான் பேசுவாங்க" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.]

4

அன்று மாலையே எனக்குப் போன். "இங்க வா. உனக்கு ஒரு வேலை இருக்கு."

போனேன். வீடியோவைப் பாட்டில்லாமல் ஓட்டிக் காட்டினாள்.

"இவ என்ன சொல்லியிருப்பா? எழுது."

"நானா?"

"ஆளுங்க மனசுக்குள்ள போய்ட்டு வர்றதா நீதானே சொல்லிக்கற. போய்ட்டு வா."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. அவளுக்கு வேறு வழி இல்லை.

உட்கார்ந்து பார்த்தேன். அவள் முதலில் கேமராவைப் பார்க்கிறாள். அப்படியானால் படம் எடுக்கிறவர் காதில் விழக்கூடாத ஏதோ ஒன்று. அவன் உடனே சிரிக்கவில்லை. விளங்குவதற்கு ஒரு நொடி பிடிக்கிறது. ஒரு தாளில் எழுதினேன்:

"உங்க ஃபிரெண்டு பேன்ட் ஜிப் போடலை. சொல்லிடாதீங்க."

"நான் விழுந்தா என்னைப் பிடிப்பீங்களா, திரைச்சீலையைப் பிடிப்பீங்களா?"

"நாற்காலியைப் பிடிக்கறப்ப நீங்க அப்படியே உங்க அம்மா."

[இதற்கு ஏன் சிரிப்பு வரவேண்டும் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் பிடித்திருக்கிறது.]

அண்ணி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, கூடவே வீடியோவை ஓட்டினாள். முதல் வரிக்கு நாற்காலிமேல் நின்றவள் குறும்புக்காரியாக இருந்தாள். இரண்டாவதற்கு, கொஞ்சம் பயந்தவளாக. மூன்றாவதில் மாமியாரைக் கூடவே கொண்டுவந்துவிட்டாள். அண்ணி ஓட்டுவதை நிறுத்தினாள்.

"தம்பி, ஷாட் ஒண்ணுதான். நான் எதையும் வெட்டலை, ஒட்டலை. நீ வரியை மாத்தினா ஆளே மாறிடறா."

என் எழுத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. உடனே சுதாரித்துக்கொண்டு, "டீ சொல்லட்டுமா?" என்றாள்.

5

அடுத்த காட்சியில் நான் இல்லை. அண்ணி சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன்; இடைவெளிகளை அடைத்தது நான்.

மெக்கானிக் மனைவியையும் அழைத்துவந்திருந்தார். கணவர் உட்காருவதற்குள் கீழேயிருந்து கூச்சல்: வாசலை அடைத்து வண்டியை நிறுத்தியிருக்கிறாராம். முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

அண்ணி அந்தத் தாளை மனைவியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"யாரு எழுதினது? நீங்களா?"

"என் கொழுந்தன்."

"கல்யாணம் ஆனவரா?"

"இன்னும் இல்ல."

"அதான்." விரலை ஒரு வரியில் வைத்தார். "ஜிப்பைப் பத்தியெல்லாம் நான் பேசுவேனா?" கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தார். "பேசியிருப்பேன். அப்ப பேசியிருப்பேன்."

"நிஜமா என்னதான் சொன்னீங்க அக்கா?"

அவர் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். கேமராவைப் பார்த்த அதே பார்வை என்று அண்ணி சத்தியம் செய்கிறாள்.

"எனக்கும் ஞாபகம் இல்லம்மா."

அண்ணி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என்கிட்ட ஒண்ணை அவ்வளவு ஆசையா கேக்கறார். மறந்துபோச்சுன்னு எப்படிச் சொல்றது? அதான் பிகு பண்ணிக்கிட்டேன். பிகு பண்ணினா இன்னும் ரெண்டு தடவை கேப்பாரில்ல? கேட்டார். நேத்து டிவியைக்கூட அணைச்சுட்டு வந்து கேட்டார்." தாளை மடித்தார். "உங்க கொழுந்தனை எனக்கு ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க. நல்லதா. நான் சொல்ற மாதிரி. அதைத்தான் சொன்னேன்னு சொல்லிடறேன்."

இது பொய்யில்லையா என்று அண்ணி கேட்க நினைத்தாள். அழுகைக்கு அடியில் புல்லாங்குழல் வைக்கிற தன் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். படியில் கணவரின் செருப்புச் சத்தம் கேட்டது.

6

எழுதினேன். ஒரே வாக்கியம். சின்னதுதான். ஒரு கதைக்குப் படாத பாடு அதற்குப் பட்டேன். வாசகர் ஒரே ஒருவர், அவர் அதை நம்பவேண்டும், நம்பாவிட்டால் ஒரு வீடு பழையபடி அமைதியாகிவிடும். அண்ணி படித்தாள். நாலாக மடித்து அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

படமும் பாட்டும் கைவிட்ட இடத்தில் எழுத்து ஜெயித்தது என்று இங்கே முடிக்க ஆசையாக இருக்கிறது. [இரண்டு பத்தி எழுதவும் செய்தேன். எடுத்துவிட்டேன்.] ஆனால் அந்தச் சிரிப்பைக் காட்டியது படம். அது இல்லாவிட்டால் மனுஷன் படியேறியே வந்திருக்க மாட்டார். பாட்டும் சும்மா இல்லை. அது மூடாமல் விட்டிருந்தால், 'கம்பி கோணலா இருக்கு' என்பது போல ஏதோ ஒன்று காதில் விழுந்திருக்கும், கேசட் திரும்ப அலமாரிக்குப் போயிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் இவரை அலைக்கழித்தன. எழுத்துக்கு வாய்த்தது, யாருமே அறியாத அந்த ஒரு நொடி. சின்ன இடம். வேறு யாரும் குடியேற முடியாத இடம்.

7

முடிவுகள்.

ஒன்று: மனைவி என் வாக்கியத்தைச் சொல்கிறார். கணவர் சிரிக்கிறார். வீடியோவில் சிரித்த அளவுக்கு இல்லை. போதும் என்கிற அளவுக்கு.

இன்னொன்று: சொல்கிறார். கணவர் யோசித்து, "இது நீ சொன்னது இல்ல. ஆனா நல்லாருக்கு. இன்னொரு தடவை சொல்லு" என்கிறார்.

அல்லது, மனைவி தாளைப் பிரிக்காமலே கிழித்துப்போட்டுவிட்டு, "எனக்கும் மறந்துபோச்சுங்க" என்கிறார், அதற்குத்தான் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு—

எது நடந்தது? தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: ஒருநாள் மெக்கானிக் போன் செய்தார்.

"அந்தப் பாட்டு இருந்துட்டுப் போகட்டுங்க. எடுக்க வேண்டாம்."

"சொல்லிட்டாங்களா சார்?" என்றாள் அண்ணி.

"சொல்லிட்டா."

"என்ன சொன்னாங்க?"

"அதை உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார் அவர். பின்னால் யாரோ, "யாருங்க போன்ல? எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க?" என்று கேட்டது அண்ணிக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

8

இந்தக் கதையை எழுதி முடித்து அண்ணியிடம் கொடுத்தேன். முழுசாகப் படித்தாள். "எங்க அந்த வரி? நீ எழுதிக் கொடுத்தது? அதுக்காகத்தானே எல்லாரும் இவ்வளவு தூரம் படிச்சிருப்பாங்க. போடு."

"அவர் படிச்சுட்டார்னா?" என்றேன். "தொழிலை மாத்திட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக்கே இல்ல. திரைச்சீலையும் இல்ல, நாற்காலியும் இல்ல. வேற யாரோன்னு தாண்டிப் போயிடுவார். ஆனா அந்த வரியை மாத்த முடியாதே. ஒருவேளை அந்தம்மா அதைத்தான் சொல்லியிருந்தா?"

"அவர் எங்க படிக்கப்போறார்? இப்பல்லாம் யாருதான் படிக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை எடுத்தாள்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. யாரும் படிப்பதில்லை என்றால் பயமே இல்லை, தாராளமாகப் போடலாம். பேனாவை எடுத்தேன்.

அண்ணி ஹெட்ஃபோனை மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "போடாத. ஒருவேளை படிச்சுட்டா?"

போடவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மட்டும் சொல்லவேண்டாம். அவர் உங்களுக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம்.