எட்டாவது பொருள் பொலித்தீன்

புயல் காலத்துக்கு முதியோரை ஆயத்தப்படுத்தும் படிவம் வவுனியாவிலிருந்து கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தது. போன மாதம் அதே பாதையால் நான் வந்தபோது, இராணுவச் சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டி இரண்டு பற்றரியையும் ஒரு பெட்டி மெழுகுதிரியையும் எடுத்துவிட்டார்கள். கடதாசிக்குத் தடை இல்லை.

படிவத்தில் எட்டுப் பொருட்கள் இருந்தன. ரோச் லைட், மேலதிக பற்றரி, வானொலி, மெழுகுதிரி, தீப்பெட்டி, ரின் மீன், ஒரு கிழமைக்கான மருந்து, ஆவணங்களைச் சுற்றி வைக்கப் பொலித்தீன். இவை எல்லாம் என்னிடம் உண்டு, எச்சரிக்கை கிடைத்ததும் நானாகவே பாதுகாப்பான இடத்துக்குப் போவேன் என்று, தனியாக வாழும் முதியவர்கள் கையொப்பம் வைக்க வேண்டும். வீடு வீடாகப் போய் அதை வாங்குவது என் வேலை.

"சேர், இதில பாதிச் சாமானை உள்ள கொண்டுவரவே விடுறேல்லையே," என்று எங்கள் பிரதேச செயலகத்துப் பெரிய எழுதுவினைஞர் யோகலிங்கத்திடம் கேட்டேன்.

"இருக்கோ இல்லையோ எண்டு ஆர் உம்மைக் கேட்டது? கையொப்பத்தை வாங்கிக்கொண்டு வாரும். வெள்ளிக்கிழமை மேல அனுப்ப வேணும்."

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். ஐந்து வருடமாகியும் இந்த முல்லைத்தீவுக் கரையில் காற்றுக் கொஞ்சம் இரைந்தாலே பயம் வரும். இந்த வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. இருபத்தெட்டுப் படிவங்களையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன்.

கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில், கடைசி வீடு அற்புதம் அம்மாவுடையது. எழுபத்து மூன்று வயது. வாதம் வந்து இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. பக்கத்து வளவில் அவரின் செத்துப்போன தங்கையின் கணவர் பஸ்தியாம்பிள்ளை, மருமகள் கலிஸ்ராவோடு இருந்தார். கடலில் முப்பத்தைந்து வருடம் தொழில் செய்தவருக்கு இப்போது இரண்டு கண்ணிலும் வெண்படலம்.

நான் போனபோது அவர் அற்புதம் அம்மாவின் முற்றத்துப் பூவரசுக்குக் கீழே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். டைனமோவிலிருந்து போன வயரில் றேடியோ பேசியது. கை ஓய்ந்தால் பேச்சும் ஓய்ந்துவிடும்.

"சுத்துங்கோ மச்சான், செய்தி வாசிக்கிறவருக்கு மூச்சு இழுக்குது," என்றார் அற்புதம் அம்மா.

"எனக்குத்தான் மச்சாள் மூச்சு இழுக்குது. அவன் கொழும்பில ஃபானுக்குக் கீழயெல்லோ இருக்கிறான்."

பெடலை நான் வாங்கிச் சுற்றினேன். வங்கக் கடலில் தாழமுக்கம், கிழக்குக் கரையை நோக்கி வருகிறது, கடலுக்குப் போக வேண்டாம் என்றது றேடியோ. அற்புதம் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"அறுபத்து நாலுப் பெரும் புயலும் மார்கழியிலதான். சரி, என்ன பிள்ளை கடதாசி? வாசியும்."

வாசித்தேன். ரோச் இல்லை. பற்றரி இல்லை. றேடியோ பஸ்தியாம்பிள்ளையுடையது. தீப்பெட்டி இல்லை, கலிஸ்ராவின் அடுப்பில்தான் நெருப்பு எடுப்பார். ரின் மீன் என்றதும் பஸ்தியாம்பிள்ளை வெடித்துச் சிரித்தார்.

"கேட்டியளோ மச்சாள்? கடற்கரையில இருக்கிறவன் ரின்னுக்குள்ள மீன் வைச்சிருக்கட்டாம்!"

"கடைசியில, நானாகவே போவேன் எண்டு இருக்கு அம்மா. உழவு மெசின் கோயில் சந்தி வரைக்கும் வரும். அதில ஏத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவினம்."

"சந்திக்கு மணலுக்குள்ளால ஒரு கட்டை, முழுசா ஒரு மைல் தூரம். இந்தக் காலோட?" என்னை நேராகப் பார்த்தார். "இதில நான் கைநாட்டு வைச்சால், போகாமல் கிடந்து சாகிறது என்ர பிழை. அப்பிடித்தானே?"

எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கு மேலே ஆத்திரமாக இருந்தது.

"எழுதும் பிள்ளை. எட்டுத்தரம் இல்லை எண்டு எழுதும். அதுக்குக் கீழ, நடக்க ஏலாது, தூக்க ஆள் வேணும் எண்டு எழுதும். அதுக்கு வைக்கிறன்."

சட்டிக் கரியில் விரலைத் தேய்த்து வைத்தார். மற்ற இருபத்தேழு பேரிடமும் உள்ளதை உள்ளபடியே எழுதினேன்.

யோகலிங்கம் புரட்டிப் பார்த்து முகம் கறுத்தார். "இதென்ன விசர் வேலை? இதை அனுப்பினால் எங்களைத்தான் பிடிச்சுக் கேப்பினம்."

"கேக்கட்டும் சேர். அற்புதம் அம்மாவின்ர வாசலுக்கு மெசினை அனுப்புவியளோ?"

"மணலில புதையும். எண்ணெயும் இல்லை."

படிவங்களை அவர் அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

மூன்றாம் நாள் காலை வானம் இருண்டு கிடந்தது. எல்லாரையும் சந்திக்கு வரச் சொல்லிக் கோயில் ஒலிபெருக்கி அறிவித்தது. நான் அற்புதம் அம்மாவிடம் ஓடினேன். பஸ்தியாம்பிள்ளையும் கலிஸ்ராவும் பழைய வலையை மடித்து, நீளத் தடியில் தொட்டிலாகக் கட்டியிருந்தார்கள்.

"என்னைத் திருக்கை மாதிரித் தூக்கப் போறியளோ?"

"திருக்கை இவ்வளவு கதைக்காது மச்சாள். ஏறுங்கோ."

"ஐயா, உங்களுக்குக் கண்..." என்றேன்.

"முன்னுக்குப் போற உமக்கு இருக்குத்தானே, அது போதும்."

முன்னால் நான். பின்னால் அவரும் கலிஸ்ராவும். மழை ஊசியாகக் குத்தியது. நான்கு தரம் இறக்கி வைத்தோம். ஒவ்வொரு தரமும் அற்புதம் அம்மா, "விட்டிட்டு ஓடுங்கோ பிள்ளையள்," என்றார். ஒவ்வொரு தரமும் கலிஸ்ரா, "வாயை மூடுங்கோ பெரியம்மா," என்றாள்.

சந்தியில் உழவு இயந்திரம் புறப்படத் தயாராக நின்றது. பின்னால் பூட்டிய பெட்டியின் நடுவில் அலுவலக அலுமாரி படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றி நீல நிறப் பொலித்தீன், மூலை மடித்துக் கயிறு போட்டு, அவ்வளவு அழகாக. அத்தனை பெரிய பொலித்தீனை நான் ஐந்து வருடமாகக் கண்டதில்லை. கிழவர்களும் கிழவிகளும் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார்கள்.

"இடமில்லை தங்கச்சி. ரெண்டாம்தரம் வருவம்," என்றார் யோகலிங்கம், குடைக்குள் இருந்து.

"ரெண்டாம்தரத்துக்கு எண்ணெய் இருக்கோ?"

சாரதிதான் தலையைக் குனிந்தபடி, "ஒரு ஓட்டத்துக்குத்தான் பிள்ளை இருக்கு," என்றான்.

"அப்ப அலுமாரியை இறக்குங்கோ."

"அரசாங்கச் சொத்து! முழுப் பதிவும் அதுக்குள்ள. ஆர் பொறுப்பு?"

வலைக்குள்ளிருந்து அற்புதம் அம்மா கேட்டார்: "தம்பி, என்ர படிவமும் அதுக்குள்ளயோ?"

"ஓம் அம்மா. பத்திரமா இருக்கு."

"என்ர கடதாசி வண்டியில. நான் மணலில."

நான் பெட்டியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். கலிஸ்ரா ஏறினாள், சாரதியும் வந்தான். அலுமாரியைக் கோயில் வாசலில் இறக்கினோம். மெதுவாக இறக்கினோம் என்று பொய் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் அற்புதம் அம்மாவைப் படுக்க வைத்து, எல்லார் தலைக்கும் மேலாகப் பொலித்தீனை விரித்தோம். அடித்த காற்றில் யோகலிங்கத்தின் குடை மறுபக்கம் மடிந்தது. பஸ்தியாம்பிள்ளை பொலித்தீனின் ஒரு மூலையை அவரிடம் நீட்டினார்.

"இந்தாரும், பிடியும் தம்பி. பறக்கப் போகுது."

அவர் பிடித்தார்.

அன்று பின்னேரம் புயல் அற்புதம் அம்மாவின் கூரையை ஓலை ஓலையாகக் கொண்டு போனது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு கிழமை கழித்து மேலிடத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அரச அலுமாரியை மழையில் விட்டதற்கும், பொலித்தீன் விரிப்பை அனுமதியின்றி எடுத்ததற்கும் விளக்கம் தர வேண்டும். விரிப்பை உடனே திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு அற்புதம் அம்மாவிடம் போனேன். வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தினேன். நாலு மண் சுவருக்கு மேலே, பனைநாரால் இறுக்கிக் கட்டிய நீலப் பொலித்தீன். அதற்கு மேலே மழை கொட்டியது. உள்ளே ஒரு துளி இல்லை.

"எழுதாத படிவம் மிச்சம் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இருக்கு அம்மா."

"அப்ப திருத்தி எழுதும். எட்டாவது சாமான் இருக்கு. தரமாட்டன்."

விரலைத் தேய்க்கக் கரிச்சட்டியை இழுத்தார்.